தடுப்பூசி வரும்வரை பள்ளியைத் திறக்கவே கூடாதா? கடலூர், புதுச்சேரி பெற்றோருக்கு ஒரு கேள்வி

6 நவம்பர் 2020: லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அப்பா

தமிழ்நாட்டில் 16ஆம் தேதி 9 முதல் 12 வரை பள்ளி திறக்கப் போகிறார்களாம். புதுச்சேரியில் போன மாதமே அந்த வகுப்புகளைச் சந்தேகம் கேட்க வரலாம் என்று திறந்துவிட்டார்கள். கொரோனாவுக்குத் தடுப்பூசி வராமல் எந்தப் பள்ளியையும் திறக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரு வருடம் போனால் படிப்பு போய்விடாது. உயிர் போனால் வராது. இதை எதிர்த்துச் சொல்ல யாருக்காவது ஏதாவது இருக்கிறதா?

7 நவம்பர் 2020, இரவு

எனக்கு இருக்கிறது. நீளமாகவே இருக்கிறது.

எங்கள் வீடு கன்னியக்கோயில் பக்கம், புதுச்சேரி முடிகிற இடம். பெரியவள் எல்லை தாண்டிக் கடலூரில் பத்தாவது படிக்கிறாள். சின்னவன் இங்கேயே அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாவது. இரண்டு அரசாங்கத்தின் உத்தரவும் எங்கள் ஒரே வீட்டுக்குள் வருகிறது. பல மாதம் எல்லையில் பேருந்தை விட்டு இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் வேறு பேருந்து பிடித்துப் போனவர்கள் நாங்கள். எந்தப் பக்கம் என்ன திறக்கிறார்கள் என்பது எங்களுக்கு வீட்டு விஷயம்.

அண்ணா, "ஒரு வருடம் போனால் படிப்பு போய்விடாது" என்கிறீர்கள். யாருடைய படிப்பு? என் பெண்ணுக்கு அது பொருந்தும். அவளுக்கு வாசிக்கத் தெரியும். புரியாததைத் தோழியிடம் போனில் கேட்பாள். கல்வித் தொலைக்காட்சியில் கணக்கு வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். சின்னவன் கதை வேறு. மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் ஒன்றாவது. க, கா, கி, கீ என்று கூட்டி வாசிப்பது அப்போதுதான் பிடிபட்டிருந்தது. மிஸ் பக்கத்தில் நின்று விரல் வைத்துக் காட்டினால்தான் வரும் வயது. இப்போது அவனுக்கு வருவது வாட்ஸ்அப்பில் ஒரு படம். அந்தப் படம் வருகிற போனும் அவன் அப்பாவோடு சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விடும்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜும் உண்டு. ஜூலையிலிருந்து கடைக்கு வருகிற கூட்டமே மாறிவிட்டது. "மிஸ் அனுப்பியிருக்காங்க, அச்செடுத்துக் குடுங்கக்கா" என்று அம்மாக்கள் வருகிறார்கள். எட்டுப் பக்கம் இருக்கும். விலை கேட்டுவிட்டு, முதல் இரண்டு பக்கம் மட்டும் போதும் என்பார்கள். மீதிப் பக்கத்தில் இருக்கிற பாடத்தை அந்தப் பிள்ளை பார்க்கவே போவதில்லை. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் பயம் எனக்கும் உண்டு. வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை. மே மாதம் கோயம்பேட்டிலிருந்து வேலையாட்கள் ஊருக்குத் திரும்பியபோது கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை எப்படி ஏறியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்தப் பயத்துக்காக எதை எவ்வளவு நாள் மூடுவது என்று ஒரு கணக்கு வேண்டும். கடை திறந்துவிட்டது, சந்தை திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது, சினிமாக் கொட்டகையும் திறக்கிறார்கள். பள்ளி மட்டும் கடைசி. பள்ளியிலும் சின்னப் பிள்ளைகள் கடைசியிலும் கடைசி. என் சண்டை இந்த வரிசையோடுதான்.

9 நவம்பர் 2020, மாலை

இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கருத்துக்கேட்பு. பெரியவள் பள்ளிக்கு நான்தான் போனேன்.

வாசலில் கையில் சானிடைசர் ஊற்றினார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். உள்ளே தள்ளித் தள்ளி நாற்காலி. ஒரு தாள் கொடுத்தார்கள், திறக்கலாமா வேண்டாமா என்று எழுத. பாதிப் பேர் "பொங்கலுக்கு அப்புறம்" என்று எழுதினார்கள். நான் திறக்கலாம் என்று எழுதி, கீழே இருந்த இடத்தில் "சின்ன வகுப்புகளையும் யோசியுங்கள்" என்றும் எழுதிவிட்டு வந்தேன்.

அங்கே என்னை உறுத்தியது வேறு. கூட்டத்துக்கான அழைப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு எப்படித் தெரியும்? மகளின் வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். மாலையில் கடைப் பக்கம் வந்தபோது கேட்டேன், கூட்டம் நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. பள்ளி திறக்காமல் அதிகம் இழப்பது யாரோ, அவர்களுடைய தாள் அந்தப் பெட்டியில் இல்லை. பெற்றோர் கருத்து என்று நாளை செய்தியில் வரப்போவது வர முடிந்தவர்களின் கருத்து.

10 நவம்பர் 2020

பள்ளிக் கட்டணம் பற்றி எழுதிய பண்ருட்டி அக்காவுக்கு: ஆமாம், அது தனி விஷயம். உயர் நீதிமன்றம் ஜூலையில் சொன்னது, தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முன்பணமாக வாங்கலாம், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதம் என்று. முழுதாகக் கட்டு என்று கேட்டால் அந்த உத்தரவைக் காட்டுங்கள். திறப்பதை ஆதரிக்கிறவர்கள் எல்லாம் கட்டணத்துக்காகப் பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். என் பிள்ளைகள் இருவரும் கட்டணம் இல்லாமல் படிக்கிறவர்கள்.

12 நவம்பர் 2020

தள்ளிவைத்துவிட்டார்கள். 16ஆம் தேதி திறப்பு இல்லை. பெரியவள் புதுச் செருப்பைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டாள்.

28 நவம்பர் 2020

நிவர் புயல் முடிந்து இப்போதுதான் கரண்டு நிலையாக இருக்கிறது. 25 இரவு மரக்காணம் பக்கம் கரையேறியதால் எங்களுக்கு மழையும் மரம் விழுந்ததும்தான். கடலோரத்து ஆட்களையும் கூரை வீட்டுக்காரர்களையும் முந்தைய நாளே பள்ளிகளில் தங்கவைத்தார்கள். சரியான வேலை, அதைக் குறை சொல்லவில்லை.

அங்கே பார்த்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மாதக்கணக்காக மோட்டார் ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பள்ளி திறக்க முடியாததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புயல் வருகிறது, ஆட்கள் வந்து தங்குவார்கள் என்றதும் ஒரே நாளில் மோட்டார் சரியானது. குழாய்க்குப் புது வாஷர் போட்டார்கள். அறைகளைக் கழுவினார்கள். வேண்டும் என்று நினைத்தால் ஒரு நாள் வேலை. பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும் என்பதும் அதே அவசரமாக யாருக்காவது தோன்ற வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

5 ஜனவரி 2021

நேற்று புதுச்சேரியில் எல்லா வகுப்புகளும் திறந்தாயிற்று. ஒன்றாவதிலிருந்து. காலை 10 முதல் 1 வரை, வருவது கட்டாயமில்லை, பெற்றோர் சம்மதம் வேண்டும். 18ஆம் தேதியிலிருந்து முழு நாள் என்கிறார்கள்.

அனுப்பினேன். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் மாஸ்க் போட்டுவிட்டபோது, "மிஸ்ஸுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டான் சின்னவன். அவன் முன்பல் விழுந்து முளைத்திருக்கிறது. முடியும் வேறு மாதிரி. அந்தக் கவலை அவனுக்கு.

வகுப்பில் பாதிக்கும் குறைவான பிள்ளைகள். மிஸ் அவர்களைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்திருந்தார். வேப்பமரத்துக் காற்று நேராக வரும் இடம். புத்தகத்தை எடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தெரிந்த எழுத்தை எல்லாம் பலகையில் எழுதச் சொன்னார். யாருக்கு எதுவரை நினைவிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். சின்னவனுக்கு நெடில் எல்லாம் போய்விட்டது. கொம்பு எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. பத்து மாதத்தில் ஒன்றாவதின் நடுப்பகுதிக்கே திரும்பியிருக்கிறான். வீட்டில் எழுதியிருந்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதுதானே.

நெல்லிக்குப்பம் தம்பி தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பதைப் பற்றியே எழுதுகிறார். தம்பி, இது பெரும்பாலும் காற்றில் பரவுகிறது. மூடிய அறையில் கூட்டமாக இருந்து பேசினால்தான் ஆபத்து அதிகம். பழைய ஓட்டுக் கட்டடம், இரண்டு பக்கமும் ஜன்னல், மரத்தடி, இவை எல்லாம் நம் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. ஏசி போட்டு ஜன்னலே திறக்காத வகுப்பறையைவிட நல்லது. தரை துடைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை எடுக்கச் சொல்லுங்கள்.

8 ஜனவரி 2021

தமிழ்நாட்டில் மறுபடியும் கருத்துக்கேட்பு, 6 முதல் 8 வரை. இந்த முறை பெரும்பாலான பெற்றோர் திறக்கலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். 10க்கும் 12க்கும் 19ஆம் தேதி என்று பேச்சு.

கடையில் ஒப்புதல் கடித வேலை ஓயவில்லை. எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு நானே எழுதித் தருகிறேன். ஒரு தனியார் பள்ளியின் அச்சடித்த படிவத்தில் "மாணவருக்குத் தொற்று ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட வந்த அப்பா அதைப் படித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். லாஸ்பேட்டை அண்ணா, இங்கே உங்களோடு முழுக்க நான் ஒத்துப்போகிறேன். ஜன்னலைத் திறப்பது, தண்ணீர் வைப்பது, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து வீட்டுக்குச் சொல்வது எல்லாம் பள்ளியின் பொறுப்பு. அதைப் பெற்றோர் கையெழுத்தால் கழுவிவிட முடியாது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அப்படியே வாங்கிக்கொண்டார்களாம்.

20 ஜனவரி 2021

பெரியவள் நேற்று போய்விட்டு வந்தாள். ஒரு அறைக்கு 25 பேர். சத்து மாத்திரை, துத்தநாக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தொண்டை கட்டிக்கொண்டு வந்ததும் அத்தை பதறிவிட்டார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நாள் முழுக்கப் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிகிற தோழிகளோடு இத்தனை மாதத்துப் பேச்சு.

26 பிப்ரவரி 2021

9, 10, 11 மூன்றுக்கும் தேர்வு இல்லை, எல்லோரும் பாஸ். முதலமைச்சர் நேற்று சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்.

இங்கே பலர் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு பயம். பள்ளியைத் திறந்தபோது என்ன சொன்னோம்? பொதுத்தேர்வு இருக்கிறது, அதனால் பத்தும் பன்னிரண்டும் முதலில். இப்போது பத்துக்குத் தேர்வு இல்லை. அப்படியானால் பத்தாவதுக்கு எதற்குப் பள்ளி என்று அடுத்த கேள்வி வருமே. வந்துவிட்டது. இன்று மகளின் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. தேர்வுக்காக மட்டும் திறந்தால் தேர்வு போனதும் பள்ளியின் காரணமும் போய்விடுகிறது. கற்றுக்கொள்வதற்காகத் திறந்திருந்தால் ஒன்றாவதும் இரண்டாவதும் முதல் வரிசையில் நின்றிருக்கும். அவர்களுக்குத் தேர்வு இல்லை, அதனால் அவர்களுக்காக அவசரப்பட யாரும் இல்லை.

ஆசிரியர் வீட்டுப் பெண்மணி ஒருவர் கேட்டிருந்தார், கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் பாதுகாப்பாகத்தானே இருக்கிறார்கள் என்று. எல்லா வீடும் பாதுகாப்பு இல்லை அம்மா. பள்ளி இருந்தால் மதியம் சோறும் முட்டையும் உறுதி. உலர் பொருளாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், உதவிதான், ஆனால் அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்ந்து வேகும். எட்டாவது படிக்கிற பையன்கள் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறார்கள். மகளோடு ஒன்பதாவது படித்த ஒரு பெண்ணுக்கு யாருக்கும் தெரியாமல் கல்யாணம் நடந்துவிட்டது. பள்ளிக்கூடம் நடக்கிற நாளாக இருந்தால் அவள் வராததை டீச்சர் கேட்டிருப்பார்.

21 மார்ச் 2021

நாளையிலிருந்து மூடல். அந்தப் பக்கம் 9, 10, 11. இந்தப் பக்கம் சின்னவன் வகுப்பும். தேர்தல் கூட்டங்கள் நடக்கின்றன.

சின்னவன் "மீன்", "மாடு", "வீடு" வரை வந்திருந்தான்.

19 மே 2021

பதில் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு. அத்தைக்குப் பாசிட்டிவ். ஆக்சிஜன் குறைந்தது, படுக்கைக்கு அலைந்தோம், கிடைத்தது. இன்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். பேசுகிறார். எதிர்வீட்டுப் பெரியவர் பிழைக்கவில்லை.

லாஸ்பேட்டை அண்ணா, உங்கள் தம்பி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இப்போதும் பள்ளியைத் திறக்கச் சொல்வீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது மாட்டேன். இப்போது எதுவும் திறந்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள், அண்ணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாதம் எல்லாம் அப்புறம்.

23 ஜூலை 2021

அண்ணாவே மறுபடி ஆரம்பித்திருப்பதால் எழுதுகிறேன். அவர் கேட்டது: இரண்டாவது அலைக்குப் பிறகும் சின்ன வகுப்பு முதலில் என்பீர்களா?

என்பேன். முன்பைவிட உறுதியாக. இந்த வாரம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தலைவர் பல்ராம் பார்கவா சொன்னதைப் பாருங்கள். திறப்பதானால் தொடக்கப் பள்ளியை முதலில் திறப்பது நல்லது என்றார். வைரஸ் வந்து ஒட்டிக்கொள்கிற ஏற்பிகள் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு, பெரியவர்களைவிட அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஸ்காண்டிநேவிய நாடுகள் சில எந்த அலையிலும் தொடக்கப் பள்ளியை மூடவில்லை என்றும் சொன்னார். டென்மார்க் மூடியது, ஆனால் 2020 ஏப்ரலிலேயே சின்னப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டது. அவர் வைத்த நிபந்தனை, ஆசிரியர், ஓட்டுநர், பள்ளி ஊழியர் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

நான்காவது செரோ ஆய்வும் அதே நாளில் வந்தது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வரை 61.6 சதவீதம் பேரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது. பள்ளி ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. வீட்டுக்குள் வந்துதானே வந்தது? எங்கள் வீட்டுக்கு வந்தது ஷிப்டுக்குப் போன மனிதர் வழியாக. சின்னவன் அப்போது வாசல்படியைத் தாண்டவில்லை.

அண்ணா கேட்ட இன்னொன்று, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் என்ன செய்வது. அதற்குப் பதில் பெரியவர்களுக்குத் தடுப்பூசி. அத்தை இரண்டாவது ஊசிக்குக் காத்திருக்கிறார். பிள்ளைக்குத் தடுப்பூசி வரும்வரை பள்ளி இல்லை என்று நின்றால் அது எந்த வருடம் என்று யாரால் சொல்ல முடியும்? பெரியவர்களுக்கான ஊசி கையில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள மறுக்கிற வீட்டிலிருந்தே "பிள்ளையை அனுப்பமாட்டேன்" என்று வருவதைக் கடையில் பார்க்கிறேன். பொறுமையாகப் பேசித்தான் அவர்களை மாற்ற வேண்டும், திட்டி ஆகாது.

2 செப்டம்பர் 2021

திறந்துவிட்டார்கள், இரண்டு பக்கமும். எது? மறுபடியும் 9 முதல் 12.

பெரியவள் இப்போது ப்ளஸ் ஒன். பத்தாவதுச் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும். அறைக்கு 20 பேர். அந்தப் பக்கத்துப் பள்ளியில் தனியாரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் நிறைய. பண்ருட்டி அக்கா கேட்டதற்கு: கட்டண பாக்கிக்காகப் பழைய பள்ளி டி.சி. தராவிட்டாலும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள். தயங்காமல் போய்க் கேளுங்கள்.

சின்னவன் மூன்றாவது. ஒன்றாவதை முடிக்கவில்லை, இரண்டாவதில் சில வாரம்தான் உட்கார்ந்தான். இப்போது கையில் மூன்றாவதுப் புத்தகம். அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுகிற மாதிரி இருக்கிறது.

28 அக்டோபர் 2021

நேற்று மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கிவைத்தார் முதல்வர் ஸ்டாலின். ஒன்றாவது முதல் எட்டாவது வரை, மாலை 5 முதல் 7, தெருவிலேயே ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து சொல்லித்தருவார். முதலில் 12 மாவட்டங்கள், அதில் கடலூரும் விழுப்புரமும் உண்டு. திங்கள்கிழமை தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை பள்ளியும் திறக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். பள்ளிக்கு ஒரு குறை வந்தால் அதைத் தெரு ஈடுகட்டும் என்று ஒரு அரசாங்கம் யோசித்திருக்கிறது. பெரியவள் பிள்ளையாக இருந்தபோது திண்ணையில் ஒரு அக்காதான் சொல்லிக்கொடுத்தார். அது நமக்குப் பழகிய முறைதான்.

ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் அது கிடையாது. எங்களிடமிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊரில் இருக்கும். சின்னவனுக்கு இல்லை. நோய் எல்லை பார்க்கவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேல் வகுப்புகளின் பாடத்திட்டம் தமிழ்நாட்டோடு பொதுவாகத்தான் இருந்து வந்திருக்கிறது. இதைச் சேர்ந்தே செய்திருக்கலாமே என்று எங்கள் தொகுதி அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

21 நவம்பர் 2021

நவம்பர் 8 என்றிருந்த எங்கள் பக்கத்துத் திறப்பு மழையால் போயிற்று. தமிழ்நாட்டிலும் திறந்த கையோடு மழை விடுமுறை. தென்பெண்ணையில் வெள்ளம், கரையோரத்து ஊர்கள் தண்ணீரில். ஆட்களை மறுபடியும் பள்ளிகளில் தங்கவைத்திருக்கிறார்கள்.

7 டிசம்பர் 2021

நேற்று சின்னவன் போனான். ஒற்றைப்படை வகுப்புகளுக்குத் திங்கள், புதன், வெள்ளி. இரட்டைப்படைக்கு மற்ற நாட்கள். அரை நாள். மூன்றாவது என்பதால் அவனுக்கு முதல் நாளே.

பழைய மிஸ்தான். இந்த முறையும் அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. மூன்றாவது வகுப்பை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்: எழுத்துத் தெரியாதவர்கள், எழுத்து தெரிந்து சொல் வராதவர்கள், வாசிக்கிறவர்கள். முதல் கூட்டம்தான் பெரியது என்றார். சின்னவன் இரண்டாவதில். "மேலே இருந்து பாடத்தை முடிக்கச் சொன்னால் என்ன செய்வீங்க மிஸ்?" என்று கேட்டேன். "முதல்ல படிக்க வைக்கிறேன்மா, பாடம் தானா முடியும்" என்றார். இப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான்கு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் தம்பி தன் மகளுக்கு எழுத்து மறந்துவிட்டது, டியூஷன் சேர்க்கவா என்று கேட்டிருந்தார். உடனே வேண்டாம். டியூஷனில் மூன்றாவது வகுப்புப் பாடத்தைத்தான் மனப்பாடம் செய்யவைப்பார்கள். பழைய ஒன்றாவதுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். தினமும் ஒரு பக்கம், விரல் வைத்து. அவள் ஒன்றாவதுப் புத்தகம் என்று வெட்கப்பட்டால் அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். சின்னவனுக்கு நான் செய்தது அதுதான்.

2 பிப்ரவரி 2022

ஒமிக்ரானுக்காக ஜனவரியில் மூடியதைத் தமிழ்நாடு நேற்று திறந்தது. 1 முதல் 12 வரை எல்லா வகுப்பும் ஒரே நாளில். பெரியவர்கள் முதலில், சின்னவர்கள் அப்புறம் என்ற பேச்சு இந்த முறை இல்லை. 15 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு ஜனவரி 3லிருந்து ஊசி போடுகிறார்கள், பெரியவளுக்கும் போட்டாயிற்று. சின்னவன் வயதுக்கு இன்னும் ஊசி இல்லை. இருந்தும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி திறந்திருக்கிறது. லாஸ்பேட்டை அண்ணா தன் மகனை எங்கள் பக்கம் திறந்ததும் அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறார். அவர் பட்டதற்குப் பிறகு அது எவ்வளவு பெரிய முடிவு என்று எனக்குத் தெரியும். மாஸ்க் இரண்டு கொடுத்து அனுப்புங்கள் அண்ணா, ஒன்றை எப்படியும் தொலைத்துவிடுவான்.

இனி திறப்பா மூடலா என்று நாம் பேச வேண்டியது குறைவு. வராத பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். ஐஸ் பெட்டி தூக்கப் போன பையன்களில் ஒருவன்தான் திரும்பியிருக்கிறான். மற்றவர்களுக்குக் கையில் காசு வருகிறது, வீட்டில் கடன் இருக்கிறது. அவர்களில் ஒருவனின் அம்மாவோடு நேற்று கடையில் பேசினேன். "இத்தனை மாசம் கழிச்சு எந்த வகுப்புலம்மா உக்காருவான்?" என்று கேட்டார். கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை அவனுடைய வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும், டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதைச் சொன்னதும் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். கூடவே தலைமை ஆசிரியரிடம் நான் போகிறேன்.

உங்கள் தெருவில் யார் வரவில்லை என்று பாருங்கள். கூப்பிட்டுக்கொண்டு போய் விடுங்கள். கூட்டிப்போக முடியாவிட்டால் பெயரையாவது பள்ளியில் கொடுங்கள். வேலையிலோ கல்யாணப் பேச்சிலோ சிக்கிய பிள்ளை என்றால் 1098க்கு அழையுங்கள், அழைப்புக்குக் காசு கிடையாது. மனு, கடிதம் எழுத யாருக்காவது வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். ஜெராக்ஸுக்கும் காசு வேண்டாம்.